செய்தவரே சோதிப்பதா?

2021 ஏப்ரல் 6. சட்டமன்றத் தேர்தல் வாக்குப்பதிவு முடிந்து ஊர் அடங்கிக்கொண்டிருந்த நேரம். வேளச்சேரியில் ஸ்கூட்டரில் வாக்குப்பதிவு இயந்திரங்களை எடுத்துக்கொண்டு போனவர்களைப் பொதுமக்கள் மடக்கிப் பிடித்தார்கள். விசாரித்தால், மாநகராட்சி ஊழியர்கள். போலீஸ் வந்தது, கட்சிக்காரர்கள் வந்தார்கள், சாலை மறியல் நடந்தது. ‘அவை பயன்படுத்தப்படாத ரிசர்வ் இயந்திரங்கள்’ என்று அதிகாரிகள் தரப்பில் முதலில் சொல்லப்பட்டது. அது முழு உண்மை இல்லை என்று பிறகு தெரிந்தது. அவற்றோடு இருந்த, சீட்டு அச்சிடும் விவிபேட் கருவி காலையில் 50 நிமிடம் ஓடியது, அதில் 15 வாக்குகள் பதிவாயின, பழுதானதால் மாற்றப்பட்டது என்று தலைமைத் தேர்தல் அதிகாரி சத்யபிரத சாகுவே பின்னர் விளக்கினார். ஏப்ரல் 17-ம் தேதி 92-ம் எண் வாக்குச்சாவடிக்கு மறுவாக்குப்பதிவு. ஆண் வாக்காளர்களுக்கு மட்டுமான சாவடி அது. 548 பேருக்காக மறுபடியும் பந்தல், போலீஸ், மை.

பெசன்ட் நகர்க்காரர்களுக்கு இது அடுத்த வீட்டுச் செய்தி இல்லை, சொந்த வீட்டுச் செய்தி. எலியட்ஸ் கடற்கரையும் ஊரூர் குப்பமும் அடையாறும் திருவான்மியூரும் சேர்ந்ததுதான் வேளச்சேரி சட்டமன்றத் தொகுதி. அன்றிலிருந்து ஒவ்வொரு தேர்தலின்போதும் காலை நடைப்பயிற்சிக் கூட்டத்தில் ஒரு கேள்வி வந்துவிடுகிறது: ‘மெஷினைக் கொண்டுபோய் லேப்ல கொடுத்தா தெரிஞ்சிடாதா சார்?’

நியாயமான கேள்வி. லேப் தூரத்தில்கூட இல்லை. தமிழ்நாடு அரசின் தடயவியல் துறைத் தலைமையகம் மயிலாப்பூரில், காமராஜர் சாலையில் இருக்கிறது. 1849-ல் மதராஸில் தொடங்கிய ரசாயனப் பரிசோதகர் ஆய்வுக்கூடம், இந்தியாவிலேயே இந்த வகையில் முதலாவது. அந்த மரபில் வந்த துறை இது. 1991-ல் ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி படுகொலை நடந்தபோது, சிதறிக்கிடந்ததை எல்லாம் சேர்த்துப் பார்த்து ‘பெல்ட் வெடிகுண்டு’ என்று முடிவுக்கு வந்தவர் இதன் இயக்குநராக இருந்த பி.சந்திரசேகரன். வெடித்துச் சிதறியதையே படிக்கத் தெரிந்த ஊரில், முழுசாக இருக்கும் ஒரு பெட்டியைப் படிக்க முடியாதா?

முடியும், முடியாது என்பதற்கு முன்னால் இன்னொரு விஷயம் இருக்கிறது. வாக்குப்பதிவு இயந்திரத்தை லேபுக்கு அனுப்பும்படி இந்தியாவில் ஒரு நீதிமன்றம் உத்தரவிட்டதுண்டு. அந்த வழக்கைத் தெரிந்துகொண்டால் மற்றதெல்லாம் புரியும்.

பார்வதியில் ஒரு பெட்டி

2014 அக்டோபரில் மகாராஷ்டிர சட்டமன்றத் தேர்தல். புனே நகரின் பார்வதி தொகுதியில் பா.ஜ.க.வின் மாதுரி மிசாள் வென்றார். தோற்ற காங்கிரஸ் வேட்பாளர் அபய் சாஜேட், இயந்திரத்தில் தில்லுமுல்லு நடந்ததாகச் சொல்லி பம்பாய் உயர் நீதிமன்றத்தில் தேர்தல் வழக்குப் போட்டார். 2017 மே மாதம் நீதிபதி மிருதுளா பட்கர் ஓர் உத்தரவு போட்டார்: ஒரு வாக்குச்சாவடியின் இயந்திரத்தை ஐதராபாத்தில் உள்ள மத்தியத் தடயவியல் ஆய்வகத்துக்கு அனுப்பிச் சோதிக்க வேண்டும்.

உத்தரப்பிரதேசத் தேர்தல் முடிவுகளுக்குப் பிறகு நாடெங்கும் இயந்திரச் சந்தேகம் கொதித்துக்கொண்டிருந்த நேரம் அது. மாயாவதியும் கெஜ்ரிவாலும் தினமும் பேட்டி கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அதனால் இந்த உத்தரவு தலைப்புச் செய்தி ஆனது. சில வாரங்களில் ஆய்வகம் அறிக்கை கொடுத்தது. இயந்திரத்தில் மாற்றம், திருத்தம், குறுக்கீடு எதற்கும் அடையாளம் இல்லை. வெளியிலிருந்து கம்பியில்லாமல் தொடர்புகொள்ளும் வசதியும் அதில் இல்லை. தேர்தல் ஆணையம் உடனே அதை நற்சான்றிதழாக வெளியிட்டது. முடிவுக்குக் கிடைத்த இடம் உத்தரவுக்குக் கிடைத்ததில் பாதிகூட இல்லை. நம் பத்திரிகைகளின் வழக்கம் அது.

முடிவு ஆணையத்துக்குச் சாதகம். ஆனால் என் கண் போவது முடிவின் மேல் இல்லை, முறையின் மேல். இயந்திரத்தைச் செய்யாத, தேர்தலையும் நடத்தாத ஒரு ஆய்வகத்திடம் இயந்திரம் கொடுக்கப்பட்டது. கேள்விகளை எழுதிக்கொடுத்தது நீதிமன்றம். விடை எதுவாக இருந்தாலும் அதை ஏற்கலாம் என்கிற ஒரு நிலை அங்கே உருவானது. அது தொடர்ந்திருக்க வேண்டும். ஏழு ஆண்டு கழித்து உச்ச நீதிமன்றம் போட்ட பாதை வேறாக இருந்தது. அதற்கு வருவோம். முதலில் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்துவிடலாம்.

சுஜாதா வீட்டுப் பிள்ளை

தமிழர்களுக்கு இந்த இயந்திரத்தின் மேல் ஒரு தனிப் பாசம் உண்டு. பெங்களூரு பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் இதன் வடிவமைப்பையும் தயாரிப்பையும் மேற்பார்த்தவர் எஸ்.ரங்கராஜன், அதாவது நம் சுஜாதா. இயந்திரத்தை ஆராய 1990-ல் அமைக்கப்பட்ட நிபுணர் குழுவுக்குத் தலைவர் பேராசிரியர் எஸ்.சம்பத். அதில் உறுப்பினராக இருந்து, 2006-ல் அடுத்த குழுவுக்குத் தலைமை தாங்கியவர் பி.வி.இந்திரேசன், முன்பு கிண்டி ஐ.ஐ.டி.யின் இயக்குநர். பெசன்ட் நகரிலிருந்து ஆட்டோ பிடித்தால் பத்து நிமிடம்.

கருவி எளிமையானது. அதன் பலமும் அதுதான். அதிகாரியின் மேசையில் கன்ட்ரோல் யூனிட். மறைப்புக்குள் பேலட் யூனிட். இரண்டுக்கும் நடுவே கேபிள். இப்போது கூடவே விவிபேட், ஏழு விநாடி சீட்டைக் காட்டிவிட்டுப் பெட்டிக்குள் போடுகிற பிரிண்டர். இணையம் கிடையாது. நிரல் ஒரு சில்லில் ஒரே ஒரு தடவை எழுதப்படுகிறது. மாற்ற முடியாது என்கிறது ஆணையம். அந்த நிரல் பதிந்த பகுதியைத்தான் நீதிமன்றத் தீர்ப்புகள் ‘எரித்த நினைவகம்’ என்ற பொருளில் குறிப்பிடுகின்றன.

தடயவியல்காரருக்குச் சிக்கல் தொடங்குவது இங்கேதான். செல்போனையோ ஹார்டு டிஸ்க்கையோ கொடுத்தால் அதை அப்படியே பிரதி எடுத்து, பிரதியில் வேலை பார்ப்பார்கள். அழித்த செய்தியைக்கூட மீட்பார்கள். வாக்கு இயந்திரத்தின் சில் வெளியே படிக்கக் கொடுக்காத மாதிரி பூட்டப்பட்டது. யாரும் படித்துப் பிரதி எடுத்துவிடக் கூடாது என்பதற்கான பாதுகாப்பு அது. திருடனுக்குப் போட்ட பூட்டு, தணிக்கைக்காரரையும் வெளியே நிறுத்திவிட்டது. 2013-க்குப் பிறகு வந்த எம்-3 தலைமுறை இன்னும் ஒரு படி மேல். யாராவது திறக்க முயன்றால் இயந்திரம் தானாகவே செயலிழந்துவிடும். எனவே ‘உள்ளே இருக்கும் நிரல் நாங்கள் எழுதிய நிரல்தான்’ என்று உறுதி சொல்லக்கூடிய கருவியும் அறிவும் அதைச் செய்த இரண்டு பொதுத்துறை நிறுவனங்களிடம்தான் இருக்கின்றன: பெங்களூரு பாரத் எலெக்ட்ரானிக்ஸ், ஐதராபாத் இ.சி.ஐ.எல்.

அனுமதி இல்லாமல் திறந்தவர்கள் ஒரே ஒரு தடவை உலகத்தின் கவனத்தை இழுத்தார்கள். 2010-ல் ஐதராபாத்தைச் சேர்ந்த ஹரி பிரசாத், அமெரிக்கப் பேராசிரியர் அலெக்ஸ் ஹால்டர்மன், நெதர்லாந்தின் ராப் கோங்கிரைப் மூவரும் தங்கள் கைக்கு வந்த ஒரு பழைய இயந்திரத்தைப் பிரித்து ஆராய்ந்தார்கள். முடிவைக் காட்டும் பலகையை மாற்றிவைத்தால் செல்போனிலிருந்தே எண்ணிக்கையைப் பொய்யாகக் காட்டலாம், நினைவகச் சில்லின் மேல் ஒரு கிளிப்பைச் செருகி வாக்குகளை மாற்றலாம் என்று செய்து காட்டினார்கள். இயந்திரம் மும்பையில் அரசுக் காவலில் இருந்து காணாமல் போனது. அந்த ஆண்டு ஆகஸ்டில் ஹரி பிரசாத் கைதானார். ஆணையத்தின் பதில்: ‘இதற்கெல்லாம் இயந்திரம் உங்கள் கையில் கிடைக்க வேண்டுமே, எங்கள் காவலில் அது நடக்காது.’ நல்ல பதில்தான். அந்த ஆய்வுக்கான இயந்திரம் எங்கிருந்து கிடைத்தது என்பதை மறந்துவிட்டால்.

2017 ஜூன் 3-ல் ஆணையமே ‘வந்து ஊடுருவிக் காட்டுங்கள்’ என்று சவால் விட்டது. தேசியவாத காங்கிரஸும் மார்க்சிஸ்ட் கட்சியும் மட்டும் வந்தன. இரண்டும் சவாலில் இறங்கவில்லை. உள்ளே இருக்கும் பலகையை மாற்றக் கூடாது என்பது விதி. பலகையை மாற்றினால் அது எங்கள் இயந்திரமே இல்லை என்றது ஆணையம். குற்றச்சாட்டே பலகையை மாற்றுவார்கள் என்பதுதானே? இரண்டு தரப்பும் வெவ்வேறு மைதானத்தில் நின்று விளையாடிய ஆட்டம் அது.

தோற்றவர் வழக்கு, வென்றவர் மௌனம்

சந்தேகத்துக்குக் கட்சி கிடையாது. தோல்விதான் அதன் கொடி. 1982 மே மாதம் கேரளத்தின் பரவூரில் 50 வாக்குச்சாவடிகளில் முதன்முதலாக இயந்திரம் வைத்தார்கள். முன்னதாகவே அதை எதிர்த்து நீதிமன்றம் போனவர் கம்யூனிஸ்ட் வேட்பாளர் சிவன் பிள்ளை. மனு எடுபடவில்லை. தேர்தலில் 123 வாக்கில் அவரே ஜெயித்தார்! பிறகு வழக்குப் போட்டது தோற்ற காங்கிரஸ்காரர் ஏ.சி.ஜோஸ். இயந்திரம் பயன்படுத்தச் சட்டமே இல்லை என்று 1984-ல் உச்ச நீதிமன்றம் சொல்ல, அந்தச் சாவடிகளில் சீட்டு முறையில் மறுவாக்குப்பதிவு நடந்து ஜோஸ் வென்றார். சட்டம் வந்தது அதற்கப்புறம்தான்.

தமிழ்நாட்டிலும் இதே கதை. 2001-ல் மாநிலம் முழுக்க இயந்திரம் வருகிறது என்றதும் அ.தி.மு.க. சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. நீதிமன்றம் ஏற்கவில்லை. அதே இயந்திரங்களில் பதிவான வாக்குகளால் ஜெயலலிதா பெரும் வெற்றியோடு கோட்டைக்குப் போனார். இன்னொரு பெயரும் உண்டு. 2004 நாடாளுமன்றத் தேர்தலில் நாக்பூரில் தோற்று, இயந்திரங்களைக் குறைசொல்லி பம்பாய் உயர் நீதிமன்றத்தின் நாக்பூர் கிளையை அணுகியவர் பன்வாரிலால் புரோகித். ஆமாம், பின்னாளில் கிண்டி ராஜ்பவனில் இருந்த அதே ஆளுநர்தான்.

கட்சிகளின் இந்த நாடகத்தைக் காட்டி, ‘எல்லாம் தோற்றவர் புலம்பல்’ என்று கையைக் கழுவிவிடுவது ஆணையத்துக்கு வசதி. ஆனால் தோற்றவர் கேட்பதால் கேள்வி தவறாகிவிடாது. வென்றவர் எங்கேயாவது கேட்டதுண்டா? தேர்தல் சட்டமே தோற்றவரின் சந்தேகத்தை நம்பித்தான் ஓடுகிறது.

47,200 ரூபாய்

2024 ஏப்ரல் 26. ஜனநாயகச் சீர்திருத்தச் சங்கம் என்கிற ஏ.டி.ஆர். தொடுத்த வழக்கில் நீதிபதிகள் சஞ்சீவ் கன்னா, தீபாங்கர் தத்தா தீர்ப்பளித்தார்கள். மறுபடி சீட்டு முறைக்குப் போக முடியாது, எல்லா விவிபேட் சீட்டுகளையும் எண்ணவும் தேவையில்லை. ஆனால் ஒரு புதிய வாசலைத் திறந்தார்கள். இரண்டாம், மூன்றாம் இடம் பிடித்தவர்கள் முடிவு வந்த 7 நாட்களுக்குள் எழுதிக்கேட்டால், ஒவ்வொரு சட்டமன்றப் பகுதியிலும் 5 சதவீத இயந்திரங்களின் எரித்த நினைவகத்தைச் சோதித்துப் பார்க்கலாம். செலவு கேட்டவருடையது. தில்லுமுல்லு தெரிந்தால் பணம் திருப்பித் தரப்படும்.

சோதிப்பவர்? இயந்திரத்தைத் தயாரித்த நிறுவனத்தின் பொறியாளர்கள்.

எனக்கு இடறுவது இந்த ஒரு வரிதான். அந்தப் பொறியாளர்கள் மேல் எந்தக் குற்றச்சாட்டும் எனக்கு இல்லை. சில்லைப் படிக்க அவர்களை விட்டால் ஆள் இல்லை என்பதும் உண்மை. ஆனால் கேட்பவரின் சந்தேகமே ‘உள்ளே இருப்பது என்ன என்று உங்களைத் தவிர யாருக்கும் தெரியாது’ என்பது. அதற்கு ‘நாங்கள் பார்த்துவிட்டோம், சரியாக இருக்கிறது’ என்று அவர்களே சொல்வது எப்படிப் பதிலாகும்? பார்வதி வழக்கில் ஓர் ஆய்வகம் நடுவில் நின்றது. இங்கே நடுவில் ஆளே இல்லை.

2024-ல் கட்டணம் ஒரு இயந்திரத் தொகுதிக்கு 40,000 ரூபாய், ஜி.எஸ்.டி.யோடு 47,200 ஆக இருந்தது. அந்த ஆண்டு நாடாளுமன்றத் தேர்தலுக்குப் பின் 8 தொகுதிகளிலிருந்து, 92 வாக்குச்சாவடிகளுக்கு விண்ணப்பம் வந்தது. தமிழ்நாட்டிலிருந்து இரண்டு பேர். விருதுநகரில் மாணிக்கம் தாகூரிடம் 4,379 வாக்கில் தோற்ற தே.மு.தி.க.வின் விஜய பிரபாகரன் 14 சாவடிகளுக்கும், வேலூரில் தோற்ற பா.ஜ.க.வின் ஏ.சி.சண்முகம் 6 சாவடிகளுக்கும் கேட்டார்கள். மத்தியில் ஆளும் கட்சியின் வேட்பாளரே பணம் கட்டி இயந்திரத்தைச் சோதிக்கச் சொன்ன விசித்திரத்தை அப்போது யாரும் அதிகம் பேசவில்லை.

இதில் தமிழ்நாட்டுக்கு இன்னொரு பள்ளம். விவிபேட் கருவியில் வேட்பாளர் பெயரும் சின்னமும் வாக்குப்பதிவுக்குச் சில நாள் முன்பு ஏற்றப்படுகின்றன. ‘வெளித்தொடர்பே இல்லாத இயந்திரம்’ என்ற வாதத்தில் நிபுணர்கள் விரல் வைப்பது இந்த இடத்தில்தான். சின்னம் ஏற்றப் பயன்படும் கருவியை இனி சீல் வைத்து, முடிவுக்குப் பின் 45 நாள் பத்திரப்படுத்த வேண்டும் என்று அதே தீர்ப்பு சொன்னது. ஆனால் 2024 மே 1 முதல் நடக்கும் ஏற்றத்துக்குத்தான் அது பொருந்தும். தமிழ்நாடு ஏப்ரல் 19-லேயே வாக்களித்துவிட்டது. விருதுநகரிலும் வேலூரிலும் பயன்பட்ட அந்தக் கருவிகளைக் காப்பாற்றிவைக்கும் கடமை யாருக்கும் வரவில்லை.

சோதனை எப்படி நடக்கும் என்று ஆணையம் வகுத்த வழிமுறையைப் படித்தபோது ஏ.டி.ஆர். மறுபடி நீதிமன்றம் போனது. நினைவகத்தைப் படிப்பதற்குப் பதிலாக, ஓர் இயந்திரத்தில் 1,400 வாக்கு வரை மாதிரியாகப் போட்டுப்பார்த்து, விவிபேட் சீட்டோடு ஒப்பிடுவதே சோதனை என்றிருந்தது ஆணையம். இது தடயவியல் ஆகாது. இன்று சரியாக வேலை செய்கிறது என்பதை அது காட்டும். வாக்குப்பதிவு நாளில் என்ன செய்தது என்பதைக் காட்டாது. போதாததற்கு, மாதிரி வாக்குக்காகப் பழைய தரவை அழித்துவிட்டால் இருந்த தடயமும் போச்சு. 2025 பிப்ரவரியில், அப்போது தலைமை நீதிபதியாகிவிட்ட சஞ்சீவ் கன்னாவின் அமர்வு, சோதிக்கும்போது தரவை அழிக்கவோ புதிதாக ஏற்றவோ கூடாது என்று நிறுத்தியது. கட்டணம் அதிகம், குறையுங்கள் என்றும் சொன்னது. தடயத்தை அழிக்காதே என்பது எந்தப் போலீஸ் ஸ்டேஷனிலும் முதல் பாடம். அதை உச்ச நீதிமன்றம் எழுதித்தர வேண்டியிருந்தது.

ராதாபுரத்தின் 49

தேர்தல் வழக்குகள் நகரும் வேகத்தைப் பற்றிப் பேசாமல் இதை முடிக்க முடியாது. 2016-ல் திருநெல்வேலி மாவட்டம் ராதாபுரத்தில் அ.தி.மு.க.வின் இன்பதுரை வென்றது 49 வாக்கில். தி.மு.க.வின் அப்பாவு வழக்குத் தொடுத்தார். நடுநிலைப் பள்ளித் தலைமை ஆசிரியர் சான்றொப்பமிட்டதால் 203 தபால் வாக்குகளைத் தள்ளிவிட்டார்கள், அது தப்பு என்பது முக்கிய வாதம். 2019 அக்டோபர் 1-ல் நீதிபதி ஜி.ஜெயச்சந்திரன், தபால் வாக்குகளையும் 19, 20, 21-வது சுற்று இயந்திர வாக்குகளையும் மறுபடி எண்ணச் சொன்னார். பெட்டிகள் சென்னை வந்தன. அக்டோபர் 4-ல் உயர் நீதிமன்ற வளாகத்திலேயே எண்ணியும் முடித்தார்கள். முடிவை மட்டும் அறிவிக்கக் கூடாது என்று அதே நாளில் உச்ச நீதிமன்றம் தடை போட்டது. அந்தச் சட்டமன்றத்தின் ஆயுளே முடிந்து, 2021-ல் அப்பாவு புதிதாக வென்று சபாநாயகர் ஆனார். தேர்தல் வழக்கை ஆறு மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்று மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் சொல்கிறது. ‘முயல வேண்டும்’தான்.

ஹரியானாவில் பானிபட் மாவட்டத்தின் புவானா லாக்கு கிராமம் இதற்கு எதிர்க்கதை. 2022 பஞ்சாயத்துத் தலைவர் தேர்தல் இயந்திரங்களை 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் டெல்லிக்கே வரவழைத்து, தன் வளாகத்தில் எண்ணவைத்தது. தோற்றதாக அறிவிக்கப்பட்டிருந்தவர் 51 வாக்கில் வென்றவரானார். இயந்திரம் சொன்னது சரிதான். அதிலிருந்து மனிதர்கள் எடுத்து எழுதிய கணக்குத்தான் தப்பு. ஆந்திராவின் மைதுகூரில் ஒரு சாவடியில் விவிபேட் சீட்டும் இயந்திர எண்ணிக்கையும் ஒத்துவராமல் போனதற்கும் காரணம், காலையில் போட்ட மாதிரி வாக்குகளை அழிக்க மறந்தது. இதுவரை வெளியே வந்த கோளாறுகளைப் பார்த்தால், சில்லைவிட மனிதக் கைதான் அதிகம் மாட்டியிருக்கிறது. வேளச்சேரி ஸ்கூட்டரும் அதே ரகம்தான். அதைக் கண்டுபிடிக்க நுண்ணோக்கி தேவைப்படவில்லை. சாலையில் நின்ற நாலு பேருக்குச் சந்தேகம் வந்தது, அவ்வளவுதான்.

2009-ல் ஜெர்மனியின் அரசியல் சாசன நீதிமன்றம் எடுத்துக்கொண்டதும் இந்த நாலு பேரைத்தான். விசேஷத் தொழில்நுட்ப அறிவு இல்லாத சாதாரணக் குடிமகனும் சரிபார்க்கும்படி இருக்க வேண்டும் வாக்கெண்ணிக்கை. அங்கே பயன்பட்ட இயந்திரங்கள் அப்படி இல்லை என்று தள்ளிவிட்டது. தில்லுமுல்லு நடந்ததாக யாரும் நிரூபிக்கவில்லை, நிரூபிக்கத் தேவையும் இல்லை என்றது. மொத்த வாக்காளர் தொகையில் நம் ஒரு பெரிய மாநிலத்துக்குச் சமமான நாடு அது. ஒரே தொகுதியில் 1,033 பேர் போட்டியிட்டு வாக்குச்சீட்டையே புத்தகமாக்கிய மொடக்குறிச்சியை 1996-ல் பார்த்த நமக்கு, காகிதத்துக்குத் திரும்புவது அவ்வளவு சுலபம் இல்லை. நான் அதைக் கேட்கவும் இல்லை. நான் கேட்பது சின்னது. சோதிக்கும் அறையில் தயாரிப்பாளரின் பொறியாளர் இருக்கட்டும். பக்கத்தில் நீதிமன்றம் நியமித்த ஒரு தடயவியல் அதிகாரியும், ஓர் ஐ.ஐ.டி. பேராசிரியரும் உட்காரட்டும். உள்ளே இருப்பது அசல் நிரல்தானா என்று சரிபார்க்க உதவும் ஒப்பீட்டுக் குறியை அவர்கள் கையில் கொடுங்கள். மூவரும் கையெழுத்துப் போடட்டும். இதனால் இயந்திர ரகசியம் எதுவும் கடலில் கரைந்துவிடாது.

அதுவரை வாக்காளரான உங்களுக்கு என்ன உரிமை? சோதனை கேட்கும் உரிமை இரண்டாம், மூன்றாம் இடக்காரர்களுக்குத்தான். நீங்கள் கேட்க முடியாது. நீங்கள் அழுத்திய சின்னம் ஒன்று, சீட்டில் வந்தது வேறு என்றால் தேர்தல் விதி 49எம்ஏ-ன்படி அங்கேயே புகார் செய்யலாம். எழுதிக் கையெழுத்துப் போட்ட பிறகு, ஏஜென்ட்கள் முன்னால் ஒரு சோதனை வாக்குப் போடச் சொல்வார்கள். அதில் சரியாக வந்துவிட்டால், பொய்ப் புகார் என்று ஆறு மாதச் சிறை அல்லது 5,000 ரூபாய் அபராதம் வரை போகலாம். எப்போதாவது ஒருமுறை மட்டும் தவறும் கோளாறு என்றால், நீங்கள் உண்மை பேசியும் மாட்டிக்கொள்வீர்கள்.

பூத் ஏஜென்டாக உட்காருகிறவர்களுக்கு இதைவிட உருப்படியான ஆயுதம் இருக்கிறது. காலையில் மாதிரி வாக்குப்பதிவுக்குக் குறித்த நேரத்தில் போய் நில்லுங்கள். 50 வாக்காவது போட்டு, எண்ணி, அழிப்பதைக் கண்ணால் பாருங்கள். கன்ட்ரோல் யூனிட்டின் வரிசை எண்ணையும் பச்சைத் தாள் சீலின் எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். மாலையில் மொத்த வாக்கு எழுதிய 17சி படிவத்தின் நகலைக் கையெழுத்தோடு வாங்காமல் வெளியே வராதீர்கள். தேர்தல் வழக்குப் போட முடிவு வந்த நாளிலிருந்து 45 நாள் அவகாசம். அதுவரை அந்தத் தாளைப் பத்திரமாக வையுங்கள். நீதிமன்றத்தில் முதலில் கேட்பது அதைத்தான்.